கித்தார்ப் பெட்டிக்கு இணை தேடுதல்

மின்கித்தார் தன் வாயால் பேசும் கருவியன்று. வீணைக்குக் குடம் உண்டு. வயலினுக்குக் கூடு உண்டு. தந்தியின் நடுக்கத்தை ஏற்று ஒலியாக்கித் தரும் உறுப்பு அக்கருவிகளுக்கு உடம்போடு ஒட்டியே அமைந்திருக்கின்றது. மின்கித்தாரோ கெட்டி மரக்கட்டையின்மேல் தந்தி கட்டியது. அதன் குடம் நாலடிக்கு அப்பால் தரையில் கிடக்கும் ஒரு பெட்டி. அப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரே அதன் தொண்டை. இதனை நம் இளைஞர்கள் கருதாமையால் விளையும் பொருட்செலவையும் செவிக்கேட்டையும் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றேன்.

யான் பிறந்த ஊர் பூதலூர். தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடையே இருப்புப்பாதையில் அமைந்தது; கல்லணையிலிருந்து வரும் புது ஆறு பாய்வது; நெல்லன்றி வேறு பேச்சு அதிகம் இல்லாதது. எனினும் பொங்கலும் கிறிஸ்துமஸும் வந்துவிட்டால் அவ்வூரிலும் சுற்றுப்புறத்திலும் இளைஞர் கூடி மெல்லிசைக் குழு அமைப்பர். அவர்களிடத்தில் ஒரு கித்தாரும், எவரோ கைவிட்ட பழைய ஆம்ப்ளிபையர் ஒன்றும், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு பொருத்திய பெட்டி ஒன்றும் இருக்கும். நம் கலாசாலை மாணவர் பலரும் இத்தகைய குழுக்களில் வாசிப்பவரே. அவ்விரு ஸ்பீக்கர்களுள் ஒன்று கிழிந்துபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? கடைகளிலும் நண்பர் கூட்டங்களிலும் இன்று கிடைக்கும் விடை ஒன்றே: “இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு அதிக வாட் உள்ளதாக இரண்டு வாங்கிப் போடு.” இவ்விடை பெரும்பாலும் தவறு என்பதே என் கட்சி. எஞ்சி நிற்கும் ஸ்பீக்கரையும், பெட்டியையும், ஆம்ப்ளிபையரையும் முன்வைத்து அவற்றுக்கு ஏற்ற இணையைத் தேடவேண்டுமேயன்றி, வாட் எண்ணை முன்வைத்துத் தேடுதல் கூடாது. நல்ல கித்தார் ஸ்பீக்கர் ஒன்றின் விலை இன்று பல ஆயிரம் ரூபாய். மாணவர்கள் கைப்பணம் கூட்டி வாங்கும் பொருளாதலின் இஃது அற்ப விஷயமன்று.

ஸ்பீக்கர் என்பது யாது? வலிய காந்தம் ஒன்றின் நடுவே வட்டமான இடுக்கு. அவ்விடுக்கில் மெல்லிய கம்பி சுற்றிய உருளை. அவ்வுருளையைத் தன் அடியில் பற்றியிருக்கும் காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் திசைமாறிப் பாயுந்தோறும் காந்தம் அதனை முன்னும் பின்னுமாகத் தள்ளுகின்றது, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது, நாம் கேட்கின்றோம். அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பே இன்றளவும் அடிப்படையில் மாறாது நின்று வருகின்றது. ஆனால், பேச்சையும் பாட்டையும் கூட்டத்திற்குப் பரப்பும் மேடை ஸ்பீக்கருக்கும் கித்தார் ஸ்பீக்கருக்கும் நோக்கம் வேறு. முன்னது வந்த செய்தியை வந்தவாறே உரைக்கும் தூதன். பின்னது கேட்டதைத் தன் குரலில் பாடும் பாடகன். கித்தாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கின்றது. கித்தார் ஸ்பீக்கர் அங்கிருந்து ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸ் வரையில் பாடிவிட்டு அதற்குமேல் விரைவாக ஓய்ந்துவிடும். இவ்வோய்வைக் குறையென்று எண்ணவேண்டா. ஆம்ப்ளிபையரை முடுக்கி வாசிக்குங்கால் எழும் கீச்சான மேலொலிகளை அது வடித்துவிடுகின்றது. அன்றியும், கூம்பின் காகிதம் ஒரே தகடாக அசையாமல் பகுதி பகுதியாக நெளிந்து தன் சுவையையும் சேர்க்கின்றது. எனவே கித்தார்ப் பெட்டியில் மேடை ஸ்பீக்கரை மாட்டினால் ஒலி வரும்; கித்தாரின் குரல் வராது.

நம் நாட்டு வித்துவான்களுக்கு இது புதிய செய்தியன்று. நாகஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த உயர்ந்த கருவியே ஆயினும், நுனியில் செருகும் சீவாளி ஒவ்வாதாயின் அக்கருவி வெறும் மரமே. அதனால் திருவாவடுதுறை போன்ற இடங்களில் நாணல் இனத்துத் தட்டையைப் பக்குவப்படுத்திச் சீவாளி செய்வோரை அவர்கள் தேடிச் செல்வர். பல சீவாளிகளை வாயில் வைத்து ஊதிப் பார்த்துச் சிலவற்றையே எடுத்துக்கொள்வர். இருவர் சேர்ந்து வாசிப்பதாயின் இருவர் சீவாளியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தன்றி மேடை ஏறார். மாற்றக்கூடிய உறுப்பு என்பதனால் எதையும் மாட்டலாம் என்று அவர்கள் எண்ணினாரில்லை.

‘கித்தாரைக் குறித்துத் தமிழ்ப் பகுதியில் எழுதுவானேன்?’ என்று சிலர் வினவக்கூடும். தஞ்சை நாட்டில் இவ்வினா செல்லாது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழுவை வைத்துப் போற்றினார். வயலின் நம் சங்கீதத்திற்குள் நுழைந்ததும் திருவாரூர் முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு ஆகியோர் கைவழியே. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்டார். செவிக்கு இனியதை எண்ணாலும் அளந்து பார்க்கலாம் என்பதற்கு அவரே நமக்கு வழிகாட்டி. நம் காலத்தில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினைக் கொண்டு கர்நாடக சங்கீதத்தை உலகமெங்கும் கொண்டு சென்றமை யாவரும் அறிந்தது. ஆகவே கருவி எந்நாட்டினது என்னும் ஆராய்ச்சியை விடுத்து மேலே செல்வோம்.

வாட் என்னும் எண்ணைப் பற்றிய மயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் எண், அஃது எவ்வளவு தாங்கும் என்பதைக் கூறுவதேயன்றி எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் கூறுவதன்று. ஒருவன் இரண்டு கலம் நெல் சுமப்பான் என்பதனால் அவன் விரைந்து நடப்பான் என்று துணிய இயலுமோ? உரப்பைக் கூறும் எண் வேறொன்று உண்டு. ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்று செய்வோர் குறித்திருப்பர். வாங்குவோர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின்மர் அதனைப் பார்ப்பதே இல்லை என்பேன்.

உதாரணம் ஒன்று காட்டுகின்றேன். இங்கிலாந்தில் 1924-இல் தோன்றிய செலஸ்டியன் கம்பெனியார் செய்யும் ‘புளூ’ என்னும் ஸ்பீக்கர் தாங்குவது 15 வாட்; அதன் உரப்பு எண் 100 டெசிபெல். அதே கம்பெனியாரின் ‘ஜி12டி-75’ தாங்குவது 75 வாட்; அதன் உரப்பு எண் 97. இவ்விரண்டையும் ஒரே ஆம்ப்ளிபையரில் ஒரே அளவு திருகிவைத்து மாறி மாறிக் கேட்டால், பதினைந்து வாட் ஸ்பீக்கரே உரத்து ஒலிக்கும். மூன்று டெசிபெல் என்பது மின்சாரத்தை இருமடங்காக்கியதற்கு ஒப்பு. புளூ பத்து வாட்டில் செய்வதை மற்றது செய்ய இருபது வாட் வேண்டும். இன்னும் ஒன்று: நம் செவிக்கு ஒலி ஏறத்தாழ ‘இருமடங்காயிற்று’ என்று தோன்றப் பத்து டெசிபெல் உயரவேண்டும், அதற்கு மின்சாரம் பத்து மடங்கு தேவை. முப்பது வாட்டை விட்டு அறுபது வாட் ஆம்ப்ளிபையருக்கு மாறுவோன் தன் பணத்தை இருமடங்காகச் செலவிட்டுச் செவிக்குச் சிறிதளவே பெறுகின்றான். ஆயினும் தாங்கும் திறனை அறவே புறக்கணிக்கலாகாது. புளூ ஒன்றைத் தனியாக ஐம்பது வாட் ஆம்ப்ளிபையரில் மாட்டி முழுதும் திருகினால் அதன் சுருள் கருகிப்போம். தாங்கும் திறன் ஆம்ப்ளிபையருக்குப் போதுமானதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் அவ்வெண்ணை மறந்துவிடுதலே முறை.

இவ்வாட் மோகத்தால் ஊராருக்கு விளையும் துன்பம் வேறு. சம்பா அறுத்து வெறிச்சோடிக் கிடக்கும் வயல்வெளியில் இரவு நேரத்தில் ஒலி தடையின்றி அடுத்த ஊர் வரை போகும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியை விலக்கியிருக்கின்றன. திருவிழா நாட்கள் சிலவற்றுக்கு மட்டும் அரசாங்கம் தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கு அவ்விதிகள் வகுத்த அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. உரப்பு எண் 100 உடைய ஸ்பீக்கர் ஒரே வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 100 டெசிபெல் ஒலிக்கும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு நம் மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். இருநூறு பேர் அமரும் கூடத்துக்குச் சிறிய ஆம்ப்ளிபையரும் நல்ல ஸ்பீக்கரும் தாராளம்.

இனி இணை பிடிக்கும் விஷயத்திற்கு வருவோம். இன்று எங்கள் வயல்களில் டிராக்டர் ஓடுகின்றது. முன்னாளில் ஏர் மாட்டு ஜோடியில் ஒன்று போய்விட்டால், எஞ்சியதன் உயரத்தையும் நடையையும் கண்டே அதற்கு ஏற்றதைச் சந்தையில் தேடுவர். நுகத்தின் இரு புறமும் ஒத்த பாரம் ஏறவேண்டும், இல்லையேல் ஒன்று இழுக்க மற்றது இழுபடும், சால் கோணிப்போம். ஸ்பீக்கரில் இந்நுகத்தடியைப் போன்றது ஓம் என்னும் மின்மறுப்பு. ஓசை நயத்தில் இரு ஸ்பீக்கர்கள் வேறுபடலாம். ஓமில் வேறுபடுதல் ஆகாது.

எட்டு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் கட்டினால் பெட்டி 4 ஓம் ஆகும். தொடரிணைப்பில் கட்டினால் 16 ஓம் ஆகும். பதினாறு ஓம் இரண்டைப் பக்க இணைப்பில் கட்டினால் 8. இவை பள்ளிக்கூடத்துக் கணக்கு. இப்போது எட்டு ஓம் ஒன்றும் பதினாறு ஓம் ஒன்றும் பக்க இணைப்பில் கட்டினோம் எனின், பெட்டி ஐந்தே கால் ஓமுக்குச் சற்று மேலாக நிற்கும். அது மட்டுமன்று, எட்டு ஓம் ஸ்பீக்கர் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும், மற்றதற்கு ஒரு பங்கே கிட்டும். தொடரிணைப்பில் இந்நிலை தலைகீழாகும். உரத்துப் பாடுவதும் முதலில் கருகுவதும் ஒன்றேயாக, மற்றது வேடிக்கை பார்த்து நிற்கும். ‘எந்த ஓமாயினும் பாதகமில்லை, பாட்டு வரும்’ என்று உறுதிகூறும் விற்பனைக்காரரை யான் கண்டதுண்டு. பாட்டு வருவது உண்மையே; எத்தனை நாளைக்கு என்பதை அவர் கூறவில்லை.

ஆம்ப்ளிபையரும் இக்கணக்கில் சேர்ந்தது. டிரான்ஸிஸ்டர் வகையாயின் அதன் முதுகில் ‘குறைந்தது 4 ஓம்’ என்றோ ‘8 ஓம்’ என்றோ எழுதியிருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மிகுந்த ஓட்டத்தைத் தர முயன்று சூடேறிக் கெடும். மேலே ஏறினால் ஒலி சிறிது குறையும், கேடொன்றும் இல்லை. வால்வு வகையாயின் வெளியீட்டு டிரான்ஸ்பார்மரில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். பெட்டியின் ஓம் எதுவோ அம்முனையிலேயே கோக்கவேண்டும். ஸ்பீக்கர் ஒன்றுமே மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிபையரை வாசிப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பு. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் ஆகும் செலவைக்கொண்டு நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவிடலாம்.

பழைய ஸ்பீக்கரின் முதுகிலுள்ள சீட்டு கிழிந்துபோய் ஓம் தெரியாமலிருப்பது நம் ஊர்களில் சாதாரணம். அதற்குக் கலங்கவேண்டுவதில்லை. கம்பிகளைக் கழற்றிவிட்டு இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால், எட்டு ஓம் ஸ்பீக்கர் 6-க்கும் 7-க்கும் இடையே காட்டும். பதினாறு ஓம் ஸ்பீக்கர் 12-ஐ அடுத்துக் காட்டும். மீட்டர் அளப்பது நேரோட்டத்திற்குரிய தடையை. ஓம் என்று அச்சிட்டிருப்பது மாறுகின்ற ஓட்டத்திற்குரிய மறுப்பை. ஆகையால் மீட்டர் எப்பொழுதும் சற்றுக் குறைத்தே கூறும். ‘ஆறரை ஓம் ஸ்பீக்கர் வேண்டும்’ என்று கடையில் கேட்டு நகைப்புக்கு இடமாகாதிருக்கும்பொருட்டே இதனை விரித்தேன்.

ஓம் ஒத்தபின் உரப்பு எண்ணைப் பார்த்தல் வேண்டும். இரண்டிற்கும் இடையே மூன்று டெசிபெல் வரையில் வேறுபாடு பொறுக்கலாம். ஒன்று 95, மற்றொன்று 101 எனின், பின்னது நான்கு மடங்கு மின்சாரம் பெற்றதுபோல ஒலிக்கும். முன்னது பெட்டியில் இருந்தும் இல்லாததே. தாங்கும் திறனிலோ சிறியதே அளவுகோல். ஓம் ஒத்த இரண்டும் மின்சாரத்தைச் சமமாகப் பங்கிடுவதால், 25 வாட் ஒன்றும் 60 வாட் ஒன்றும் உள்ள பெட்டி 85 வாட் பெட்டியன்று. 50 வாட் பெட்டியே.

இவ்வளவும் கணக்கு. இனிச் செவியின் வேலை. ‘ஜோடி என்றால் இரண்டும் ஒரே அச்சாக இருத்தல் வேண்டாமா?’ என்று வினவுவோர்க்கு மிருதங்கத்தைக் காட்டுவேன். வலந்தலை வேறு, தொப்பி வேறு; தோலின் அமைப்பு வேறு; ஒன்றில் கருஞ்சாதம், ஒன்றில் ரவை. ஒரே பலாக்கட்டைக்குள் இரண்டும் காற்றைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. இரண்டு புறமும் வலந்தலையாகவே கட்டிய மிருதங்கத்தை எவர் விரும்புவர்? கித்தார்ப் பெட்டியிலும் அவ்வாறே. மெல்லியலான ஒன்றையும் கூர்மையான ஒன்றையும் சேர்த்து வைத்தால், தனித்தனியே எதற்கும் இல்லாத நிறைவு உண்டாகும். செலஸ்டியனின் ‘கிரீன்பேக்’ 25 வாட், 98 டெசிபெல். நடு ஒலி கனிந்து, மேலொலி மழுங்கிய குரல். ‘விண்டேஜ் 30’ என்பது பெயரில் முப்பதாயினும் 60 வாட் தாங்குவது, 100 டெசிபெல், மேல்நடு ஒலி துருத்தி நிற்பது. தனியே கேட்டால் பின்னது சில செவிகளுக்குக் காரமாக இருக்கும். கிரீன்பேக்கோடு சேர்த்தால் அக்காரம் அடங்கிச் சொல் தெளிவு மட்டும் நிற்கும். இரண்டும் எட்டு ஓமிலும் பதினாறு ஓமிலும் கிடைப்பன. உலகெங்கும் கித்தார் வாசிப்போர் இவ்விணையைக் கைக்கொண்டு வருவது காரணத்தோடேயே. விலையுயர்ந்த இவற்றைத்தான் வாங்குக என்பது என் கருத்தன்று. உள்நாட்டில் செய்த எளிய ஸ்பீக்கர்களிலும் ஒன்று மந்தமாகவும் ஒன்று கூர்மையாகவும் அமைவதுண்டு. அவற்றிலும் இம்முறையே தேடலாம். எஞ்சிய ஸ்பீக்கர் மந்தமானதாயின் சற்றுக் கூர்மையானதை நாடுக. கூர்மையானதாயின் கனிந்ததை நாடுக. கடைக்கு எஞ்சியதையும் பெட்டியோடு எடுத்துச் சென்று சேர்த்து வைத்துக் கேட்டன்றிப் பணம் கொடாதேயுங்கள்.

இங்கே ஒரு தடை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மேடையில் பெட்டியின் முன்னே ஒரேயொரு மைக்கை வைத்துப் பெரிய ஒலிபெருக்கிக்கு அனுப்பும் வழக்கம் பரவியிருக்கின்றது. அவ்வாறாயின் எந்த ஸ்பீக்கருக்கு நேரே மைக் இருக்கின்றதோ அதன் குரலையே கூட்டம் கேட்கும். இணைக்காகப் பட்ட பாடெல்லாம் வாசிப்பவன் ஒருவனுக்கே பயன்படும். இத்தகையோர் இரண்டும் ஒரே வகையாக வைத்துக்கொள்வதே எளிது. சிறு கூடத்தில் மைக்கின்றி வாசிப்போர்க்கே கலப்பு இணை முழுப்பயன் தருவது. நம் குழுக்களில் பெரும்பாலான அவ்வகையினவே.

பெட்டியைக் குறித்தும் ஒரு சொல். முதுகு திறந்த பெட்டியில் கூம்பின் பின்புறத்து ஒலியும் வெளிவந்து, முன்புறத்து ஒலியோடு மோதிக் கீழொலியைச் சிறிது குறைக்கும். ஆனால் அறை முழுதும் ஒலி பரவும். முதுகு மூடிய பெட்டி கீழொலியை இறுக்கிப் பிடித்து நேரே எறியும். ஒரே ஸ்பீக்கர் இவ்விரண்டிலும் இருவேறு பாடகரைப்போல ஒலிப்பதுண்டு. எனவே ‘நண்பன் பெட்டியில் நன்றாயிருந்தது’ என்பது போதிய சான்றாகாது. நம் டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை ஈரம் மரத்தூள் பலகையைப் பொருமச் செய்யும். ஒட்டுப்பலகைப் பெட்டியே நிலைத்து நிற்கும். காகிதக் கூம்பும் ஈரத்தை உறிஞ்சித் தளரும்; காந்த இடுக்கில் துரு ஏறினால் சுருள் உராயும். நெல் விளையும் நாட்டில் எலியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! முதுகு திறந்த பெட்டியை மழைக்காலத்தில் மூலையில் போட்டுவைத்தால், தை பிறக்கும்போது கூம்பிருந்த இடத்தில் எலிக்கூடு இருக்கும். பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் இரு கட்டைவிரல்களாலும் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்தி, காதை அருகே வைத்து, உராயும் ஓசை உண்டா என்று கேட்கவேண்டும். உண்டாயின் எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுதலே தகும்.

கிழிந்ததை என் செய்வது? கூம்பின் நடுப்பகுதியில் சிறு கிழிசலாயின் மெல்லிய தாளும் பசையும் கொண்டு ஒட்டிப் பல ஆண்டு வாசிக்கலாம். சுருள் கருகியிருப்பின் கூம்பும் சுருளும் மாற்றித் தருவோர் திருச்சியிலும் தஞ்சையிலும் உண்டு. ரீகோன் என்று அவர்கள் வழங்குவர். கெட்டுப்போகாத காந்தத்தையும் சட்டத்தையும் குப்பையில் எறிவதைக் காட்டிலும் இது சிக்கனம் என்பதில் ஐயமில்லை. ஆயின் காந்தமும் சட்டமும் பழையனவாயினும் குரல் புதியதே. கூம்பின் காகிதம்தான் குரல். கிடைத்த காகிதத்தை ஒட்டினால் கிடைத்த குரல்தான் வரும். பழைய ஓமிலேயே சுருள் வேண்டும் என்றும், கித்தாருக்குரிய கெட்டி விளிம்புக் காகிதம் வேண்டும் என்றும், ரப்பர் விளிம்பு வேண்டா என்றும் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். புதிய கூம்பு எதுவும் முதலில் விறைப்பாகவே ஒலிக்கும். சில வாரம் வாசித்தபின் தளர்ந்து இனிக்கும். முதல் நாளே ‘இணை சேரவில்லை’ என்று தீர்ப்புக் கூறுதல் அவசரம்.

இக்காலத்தில் பெட்டியே வேண்டா என்போரும் உளர். பெட்டியின் குரலைக் கணக்காக்கிச் சிறு கருவிக்குள் அடக்கி, நேரே மேடை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் முறை வந்திருக்கின்றது; பெயர்பெற்ற வித்துவான்கள் பலரும் அதனைக் கையாளுகின்றனர். தூக்கும் பாரம் குறைவு என்பதை யானும் மறுக்கவில்லை. எனினும் அம்முறைக்கு நல்ல மேடை ஒலிபெருக்கியும், வாசிப்பவன் தன்னைத் தான் கேட்பதற்கு வேறொரு கருவியும் வேண்டும். அவை எங்கள் ஊர்க் கூடத்தில் இல்லை. பெட்டியோ பாடுவோனும் வாசிப்போனும் எதிரே அமர்ந்தோரும் ஒரே இடத்திலிருந்து ஒரே ஒலியைக் கேட்கச் செய்வது. கெட்டால் ஒரு திருப்புளியும் ஈயப்பற்றுக் கோலும் கொண்டு ஊரிலேயே திருத்தக்கூடியது. பௌதிக மாணவன் ஒருவன் ஓம் விதியைப் புத்தகத்திற்கு வெளியே காண்பதற்கு இதனினும் மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை. நம் கலாசாலையில் பழுதென்று ஒதுக்கிய பெட்டி ஏதேனும் இருக்குமாயின், விற்றுவிடாமல் இசைக் கழகத்தாரிடமும் பௌதிக மாணவரிடமும் சேர்த்து ஒப்படைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

புதியதை மாட்டுகின்றவர்கள் ஒன்று செய்யவேண்டும். இரு கூம்புகளும் ஒரே சமயத்தில் முன்னே வரவேண்டும். ஒன்று முன்னே வர மற்றது பின்னே போனால் கீழொலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி தகர டப்பாவைப்போல ஒலிக்கும். நல்ல ஸ்பீக்கரைக் கெட்டதென்று திருப்பிக் கொடுப்போர் சிலர் இக்காரணத்தாலேயே கொடுக்கின்றனர். ஆம்ப்ளிபையரிலிருந்து கழற்றிவிட்டு, டார்ச்சு விளக்கின் ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றை எடுத்து, அதன் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் எதிர்முனையை மற்றதிலும் ஒரு கணம் தொட்டுப் பார்க்க. கூம்பு வெளியே துள்ளினால் சரி. இரண்டையும் அவ்வாறு பார்த்து, முனைகளைப் பென்சிலால் குறித்து, ஓமும் மாட்டிய தேதியும் காந்தத்தின்மேல் எழுதிவைத்தால் பின்வருவோர்க்கு உதவும். ஜேபிஎல் கம்பெனியாரின் பழைய ஸ்பீக்கர்களில் மட்டும் இதே சோதனையில் கூம்பு உள்ளே போகும். அதனை வேறு கம்பெனி ஸ்பீக்கரோடு சேர்ப்பதாயின் அதன் இரு கம்பிகளையும் மாற்றிக் கட்டுக.